வெளிநோயாளி

மனநலப் பிரிவு என்று சொல்ல வாய் வரவில்லை, பதினான்காம் நம்பர் ரூம் என்றுதான் சொன்னேன். ஓ.பி. கவுன்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமலே பேரு, வயசு என்றாள், அமலோற்பவம், நாற்பத்து மூன்று, சீட்டு கைக்கு வந்துவிட்டது, இவ்வளவுதானா, இதற்கா கோடை லீவிலிருந்து நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லம்மா, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போறோம்ல, சுகருக்கு மாத்திரை போடுறோம்ல, அதே மாதிரிதான் இதுவும். இது நான் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம். இதே வராந்தாவில் இதே பெஞ்சில் எத்தனையோ பேரின் முதுகைத் தடவிக்கொண்டே சொல்லியிருக்கிறேன், அவர்களும் தலையாட்டிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள், இவ்வளவு சொல்லியும் ஏன் மூடிக்கொள்கிறார்கள் என்று எனக்குள் அலுத்துக்கொள்வேன். இன்றைக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். போட்டும் பிரயோஜனமில்லை, வாசலில் நின்று பேர் கூப்பிடுகிற ஒச்சம்மா பார்த்துவிட்டாள். "என்ன மேடம், காலங்காத்தால முக்காடு? இன்னைக்கு யாரக் கூட்டியாந்திருக்கீங்க?" சொல்லிவிடலாம், சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான், ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே, "பின்னாடி வர்றாங்க ஒச்சம்மா" என்று சொல்லிவிட்டது. "வந்ததும் சீட்டக் குடுங்க மேடம், முன்னாடி விட்ருவோம். உங்க ஆளுகள என்னைக்குக் காக்க வச்சிருக்கோம்." உங்க ஆளுக. சீட்டு என் உள்ளங்கையில் இருக்கிறது, வியர்வையில் நனைந்து துணி மாதிரி ஆகிவிட்டது, அதைக் கொடுத்தால்தான் கூப்பிடுவார்கள், கொடுக்காமல் இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாலும் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை, நாளைக்கு வரலாம், திங்கட்கிழமை வரலாம்.

எதிர்ச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள், தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன், அவன் தலைக்குள் நூல்கண்டு சிக்கிக் கிடக்கிறது. யார் வரைந்தார்களோ, பொய், நூல்கண்டு என்றால் ஒரு முனையாவது கைக்கு அகப்படும். எனக்கு உள்ளே ஓடுவது ஒரே ஒரு வார்த்தை. பரவால்லக்கா. அவ்வளவுதான். காலையில் பல் துலக்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது, பரவால்லக்கா. சொன்னவள் நாகஜோதி. அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்போது மலையடிவாரத்துக் கோயில் மண்டபம் ஒன்றில் அவள் கல்யாணத்தை நிறுத்தினேன். நான் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் பேசிவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளை மீட்பது, அடிபடுகிற பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் காப்பகத்தில் சேர்ப்பது, கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் கூடப் போவது, இதுதான் என் பிழைப்பு. போலீஸோடு நான் உள்ளே நுழைந்தபோது பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு கிழவர் நீ நல்லா இருப்பியா என்று மண்ணை வாரித் தூற்றினார், மாலையும் கழுத்துமாக இருந்த நாகஜோதி மட்டும் என்னைப் பார்த்து, "டீச்சர், திங்கக்கிழமை எனக்கு மேத்ஸ் டெஸ்ட் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் பத்தாம் வகுப்பு முடிக்கிறவரை என் போன் அவள் போன் மாதிரிதான். அக்கா, அம்மா திட்டுது. அக்கா, வயிறு வலிக்குது, இந்த மாத்திரை போடலாமா. அக்கா, காமர்ஸ் எடுக்கவா சயின்ஸ் எடுக்கவா. பிறகு ஒரு மத்தியானம், நான் பிரசவ வார்டு வாசலில் நிற்கிறேன், உள்ளே வேறொரு பிள்ளை, அவளுக்கும் பதினாறுதான், அவள் அலறல் கதவைத் தாண்டி வருகிறது, கையில் போன் துடிக்கிறது, நாகஜோதி, கட் பண்ணுகிறேன், மறுபடி துடிக்கிறது, கட் பண்ணுகிறேன், அப்புறம் கூப்பிடுறேன்மா என்று மெசேஜ் போடுகிறேன். அந்த அப்புறம் வரவே இல்லை. அன்றைக்குப் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லை, மறுநாள் கோர்ட், அதற்கு மறுநாள் செங்கல் சூளையில் ஒரு குடும்பம், மறந்துபோனது என்றுகூட எனக்குத் தெரியாத அளவுக்கு மறந்துபோனேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தபோது புதுச் சேலையில் யாரோ மாதிரி இருந்தாள், கழுத்தில் மஞ்சள் கயிறு பளீரென்று. "அக்கா, நல்லாருக்கீங்களா? என்னக்கா இப்படி மெலிஞ்சுட்டீங்க?" என்னடி இது, எப்ப நடந்துச்சு, ஏன்டி எங்கிட்டச் சொல்லல என்று நான் அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறேன். "சொல்லத்தானக்கா கூப்பிட்டேன்." என் முகத்தில் என்ன பார்த்தாளோ, என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள். "பரவால்லக்கா. உங்களுக்கு எம்புட்டு வேலை."

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றிய கிழவர் மாதிரி அவளும் தூற்றியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கியிருப்பேன், திட்டு வாங்கிப் பழகிய உடம்புதான் இது. அதற்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது, புகார் கொடுத்தேன், விசாரித்தார்கள், இப்போது அவள் காப்பகத்தில் இருக்கிறாள், நான் போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். அந்த வாரத்திலிருந்துதான் துடிப்பு ஆரம்பித்தது. போன் துடிக்காதபோது துடிக்கிறது. பையில், தலையணைக்கு அடியில், ஒருநாள் போனை ஆபீசில் சார்ஜில் போட்டுவிட்டு வந்த பிறகும் இடுப்பில் துடித்தது, இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், சேலை மட்டும்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலுக்கு நெஞ்சு அடைக்கிறது. சோறு தொண்டையில் நிற்கிறது. ஆபீசில் எங்களுக்கென்று மன அழுத்தப் பயிற்சி ஒன்று வைத்தார்கள், நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள், மதுரையிலிருந்து வந்த ஒருவர் எல்லோர் போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டு ஆளுக்கொரு பலூன் கொடுத்து, உங்கள் கவலையெல்லாம் இதுக்குள்ள ஊதுங்க என்றார். ஊதினோம். சிரிக்கச் சொன்னார், சிரித்தோம். எனக்குக் கண்ணெல்லாம் அந்தக் கூடையின் மேல், அதற்குள் யாருடைய போன் துடிக்கிறது, என்னுடையதா, யார் கூப்பிடுகிறார்கள், எந்த வார்டிலிருந்து, எந்த மண்டபத்திலிருந்து. பக்கத்தில் நின்ற ஆபீஸ் தோழி, "அமலா, பலூன விடு, வெடிச்சிரப் போகுது" என்று என் விரல்களைத் தட்டினாள், நான் அதை அழுத்திக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

சரி, இதெல்லாம் எல்லோருக்கும் இருப்பதுதான், இந்த வேலைக்கு வந்தவர்கள் யார் தூங்கினார்கள், இதற்காகவெல்லாம் நான் இங்கே வந்து உட்காரவில்லை. பெனிட்டாவுக்காக வந்தேன். என் மகள், எட்டாவது படிக்கிறாள். போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்துவிட்டது, எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது, ஓடி வந்து அம்மா அம்மா என்று என் மேல் விழுந்தாள். எனக்கு எதுவுமே வரவில்லை. பதற்றம் வரவில்லை, அழுகை வரவில்லை, அடிவயிற்றில் ஒரு பிடி பிடிக்குமே, தன் பிள்ளை அடிபட்டு நிற்பதைப் பார்த்தால், அது வரவில்லை. பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, மெதுவாக, தெளிவாக, "நீ இப்ப பாதுகாப்பா இருக்க. உனக்கு என்ன நடந்துச்சோ அத உன் வார்த்தையில சொல்லு. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறேன். யார் பேசுவது என்று நானே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பெனிட்டா அழுகையை நிறுத்திவிட்டாள். வலியை மறந்து என்னையே பார்த்தாள், வீட்டுக்குள் அந்நிய ஆள் வந்துவிட்ட மாதிரி. பிறகு கத்தினாள் பாருங்கள், தெருவே கேட்கிற மாதிரி. "அம்மா! அந்தக் குரல்ல பேசாத! எங்கிட்ட அந்தக் குரல்ல பேசாத!" என் வீட்டுக்காரர் சேவியர்தான் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தார், மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர், அதிகம் பேசத் தெரியாது. "நாங்கெல்லாம் லைன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கரண்ட நிப்பாட்டிட்டுத்தான் வைப்போம் அமலா. நீ ஓடுற கரண்ட்லயே கை வச்சிக்கிட்டிருக்க. ஒரு டாக்டரப் பாரு." கூட வரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வந்தால் அவர் முகத்தையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருக்குக் காப்பி வேண்டுமா, பயப்படுகிறாரா, அவரையும் தேற்ற வேண்டுமா.

"நீங்க அந்தப் பிள்ளைகள் மேடம்தான?" பக்கத்தில் யாரோ உட்கார்ந்து நேரமாகியிருக்கிறது போல. பச்சை நூல்சேலை, முப்பது முப்பத்தைந்து இருக்கும், முழங்கையில் பழுத்துப்போன காயம் ஒன்று, என் கண் அங்கேதான் முதலில் போகிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் காயத்தைத்தான் பார்க்கிறது, அது எத்தனை நாள் காயம் என்று கணக்குப் போடுகிறது. "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல வந்து பேசுனீங்க மேடம். எம் பேரு பேச்சியம்மா. சின்னமனூர்ப் பக்கம்." அந்தா நிக்கிறாரு பாருங்க என்று தூணருகே நின்ற ஆளைக் காட்டினாள், வீரணன், அவள் புருஷன், வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன், தோளில் காய்ப்பு ஏறி ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நிற்கிறான். குடிக்கிற வரைக்கும் பரவாயில்லையாம், இப்போது குடிக்காதபோதும் காதுக்குள் யாரோ கூப்பிடுகிறார்களாம். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை உள்ளே வைத்துவிட்டு வாசலில் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறானாம், யாரையும் வெட்ட அல்ல, யாரோ பிள்ளைகளைத் தூக்கிப் போக வருகிறார்கள் என்று காவலுக்கு. "நல்ல மனுசந்தான் மேடம். பிள்ளைக மேல உசுரு. அந்தப் பயத்துலதான் இப்படி." சொல்லச் சொல்ல என் முதுகு நிமிர்கிறது. தலை ஒரு பக்கம் சாய்கிறது. கைகள் மடியில் விரிந்துகொள்கின்றன. வந்துவிட்டது, அந்தக் குரல், தொண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது, "ம், சொல்லும்மா, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்கிறது. அவள் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு, சரியான இடங்களில் ம் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு காலி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக இப்படித்தானா, எப்போதிலிருந்து, யார் யாரெல்லாம் என்னிடம் பேசிவிட்டு மனசு லேசாச்சு மேடம் என்று போனார்கள், அவர்களெல்லாம் யாரிடம் பேசினார்கள்.

"அய்யோ, ஆளக் காணோம்!" தூணருகே யாரும் இல்லை. பேச்சியம்மா எழுந்துவிட்டாள், வராந்தாக் கோடிவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடிக்கிறாள், ஈரமான கை, வெங்காய வாசனை. "மேடம், கொஞ்சம் எங்கூட வாங்க மேடம். நீங்க சொன்னாக் கேப்பாரு. ரோட்டுக்குப் போயிட்டா லாரி எது பஸ்ஸு எதுன்னு பாக்க மாட்டாரு." நான் எழுந்துவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எழுந்த அந்த நொடியில் எனக்கு இருந்தது சந்தோஷம், அப்பாடா என்று இருந்தது, பை தோளுக்கு வந்துவிட்டது, முந்தானை தலையிலிருந்து இறங்கி இடுப்பில் செருகிக்கொண்டது, இனி நான் இங்கே உட்கார வேண்டாம், ஒரு ஆளைத் தேட வேண்டும், வெளியே போலீஸ் பூத் இருக்கிறது, ஆட்டோக்காரர்களை எனக்குத் தெரியும், ஸ்டேஷன் ஏட்டு பன்னீர்செல்வத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், எல்லாம் எனக்குத் தெரியும். பத்தடி நடந்திருப்பேன். கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றுவிட்டது, முழங்காலுக்குக் கீழே யாரோ கரண்ட்டை நிறுத்தியது போல, சுவரைப் பிடித்துக்கொள்கிறேன், சுவர் ஈரமாக இருக்கிறது, இல்லை, என் கைதான். "என்ன மேடம்? மேடம்?" பேச்சியம்மா முகம் மிக அருகில் வருகிறது. என்னால் முடியாது என்று இந்தப் பதினேழு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை, எப்படிச் சொல்வது என்று வாய்க்குத் தெரியவில்லை, முதலில் காற்றுதான் வந்தது. "என்னால முடியலம்மா." அவளுக்குப் புரியவில்லை. "நான் யாரையும் கூட்டிட்டு வரல. நானும் உங்க வீட்டுக்காரர் மாதிரி, டாக்டரப் பாக்கத்தான் வந்திருக்கேன்." சொல்லிவிட்டேன். வராந்தா இடிந்து விழவில்லை. பேச்சியம்மா என்னைப் பார்த்தாள், அவளுக்குப் போக வேண்டும், புருஷன் ரோட்டில் நிற்கிறான், ஆனாலும் ஒரு வினாடி நின்று, என் கையை எடுத்து என் நெஞ்சிலேயே வைத்து அழுத்தி, "உக்காருக்கா, விழுந்துராத" என்றாள். மேடம் போய்விட்டது. பிறகு ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஒச்சம்மா ஓடினாள், வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கொண்டே. நான் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீரணன் எனக்குள் செத்துப்போனான், செத்துப்போனான். பிறகு அவன் வந்தான். ஒரு பக்கம் வாட்ச்மேன், ஒரு பக்கம் பேச்சியம்மா, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு நின்றானாம், பொட்டலம் கையில் இருந்தது. நான் போகவில்லை, அவன் வந்துவிட்டான். ஒச்சம்மா மூச்சு வாங்க என் முன்னால் நின்று கையை நீட்டினாள், சீட்டைக் கொடுத்தேன். அவள் அதைக் கவனமாக நீவிவிட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

டாக்டர் இம்தியாஸ் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நான் கூட்டிவந்த பிள்ளைகளுக்கு, என்னிடம் மேடம் மேடம் என்று கேட்டுக் கேட்டு வைத்தியம் பார்த்தவர். கதவைச் சாத்திவிட்டு, நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், நோயாளிக்குப் பின்னால் ஜன்னலோரமாக நிற்கப் போனேன், அவர் ஸ்டூலைக் காட்டினார், உட்கார்ந்தேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி. சொன்னேன், ரிப்போர்ட் சொல்வது போல, வேறொரு பெண்ணைப் பற்றிச் சொல்வது போல. செத்துப்போகலாம்னு எப்பவாவது தோணியிருக்கா மேடம். இல்லை டாக்டர், ஆனா யாராவது என்னைக் கொஞ்ச நாள் எங்கயாவது வச்சிட்டு மறந்துட்டா நல்லாருக்கும்னு தோணியிருக்கு. அவர் தலையாட்டினார். "கடைசியா எப்ப அழுதீங்க?" யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. நாகஜோதிக்கு அழவில்லை, பெனிட்டாவுக்கு அழவில்லை, எதற்கு அழுதேன். நாகஜோதியைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், அவளால்தானே இவ்வளவும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடலாம் என்று. வந்தது அது இல்லை. "வேலைக்குச் சேந்த புதுசுல டாக்டர், ஒரு பாப்பாவக் காப்பகத்துல விடக் கொண்டு போனேன். அம்மா அப்பா யாருன்னு தெரியாது, ஸ்டேஷன்ல கிடைச்ச பிள்ளை. மூணு வயசு இருக்கும், பேர்கூடச் சொல்லத் தெரியல. பஸ்ஸுல போறோம். எம் மடியிலயே தூங்கிருச்சு. அங்க போய்ச் சேந்தப்பவும் தூக்கம்தான். அவங்க வாங்கிக்கிட்டாங்க, தொட்டில்ல போட்டாங்க. ஆனா எம் முந்தானையப் பிடிச்சிருக்கு. தூக்கத்துலயே. இறுக்கி. எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகுது. குனிஞ்சு, முழிச்சிராம, ஒவ்வொரு விரலா…" என் கையைப் பார்த்தேன், வலது கை இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தது. "ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன் டாக்டர். சுண்டுவிரல் மட்டும் திரும்பத் திரும்ப மடங்குது. அப்புறம் அதையும் எடுத்துட்டு வந்துட்டேன். நான் செஞ்சது சரிதான், சட்டப்படி சரி, பிள்ளைக்கும் நல்ல இடம், பின்னாடி நல்ல குடும்பத்துக்குத் தத்துப் போயிருச்சு, எல்லாம் சரி. சின்னப் பிள்ளைதான மறந்துரும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா காலையில முழிச்சிருக்கும்ல. முழிச்சு, என்னத் தேடியிருக்குமா டாக்டர்?" இத்தனை வருஷத்தில் நான் இதை யாரிடமும் கேட்டதில்லை, கேட்க வேண்டும் என்று இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். சமாதானம் சொல்லப் போகிறார், நான் சொல்லும் ஏதோ ஒரு வாக்கியத்தை எனக்கே திருப்பிச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். இம்தியாஸ் என்னை நேராகப் பார்த்தார். "தேடியிருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடிவயிற்றில் ஒன்று பிடித்துக்கொண்டது, நான் அந்த மேசையில் தலையைக் கவிழ்த்து, வராந்தாவில் இருக்கிறவர்களுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.